ஏலத்துக்கு வந்த ஹெட்போன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஒரு பூசணிக்காய் நாலாயிரம் ரூபாய்க்குப் போனது.

சிரிக்காதீர்கள்! அறுப்பின் பண்டிகை என்றால் அப்படித்தான். விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வழக்கம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். வருகிற பணம் சர்ச்சுக்கு. அதனால் யாரும் கடைவிலை பார்த்துக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை வம்புக்கு இழுப்பதற்காகவே ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு.

சென்னையில், எங்கள் கள்ளிக்குப்பத்தில் யார் வீட்டில் என்ன விளைகிறது? எல்லோரும் ஃப்ளாட்டில் இருக்கிறோம். பால்கனியில் துணி காயும், அவ்வளவுதான். ஆகவே கேக், குக்கர், சுவர்க் கடிகாரம், காலில் கயிறு கட்டிய சேவல் என்று எது வந்தாலும் ஏல மேஜைக்கு ஏறிவிடும்.

இந்த வருஷம் அந்த மேஜையில் ஒரு ஹெட்போன் இருந்தது.

அதைப் பற்றி எழுதலாமா, கூடாதா என்று ரொம்ப யோசித்தேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடமே கேட்டேன். “பேரை மாத்திட்டு எழுதுங்கக்கா” என்றாள். மாற்றிவிட்டேன். அவள் பெயர் ஜெபா என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் பெயர் செல்வின். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், எங்கள் ப்ளாக்கில் இரண்டாவது மாடி. அவருக்கு ஐ.டி. வேலை. அவள் அம்பத்தூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர்.

செல்வினுக்கு ஒரு ஆசை உண்டு. பாட்டு. என்னைப் போல அடுப்படியில் ரேடியோவை அலறவிட்டுக் கேட்கிற பாட்டு அல்ல. அதற்கென்று தனி ஹெட்போன், ஹெட்போனுக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டையும் சேர்க்க ஒரு தடித்த வயர்... மாதத்துக்கு ஒரு பார்சலாவது வந்துவிடும். ஒருநாள் என்னையும் உட்கார வைத்துத் தலையில் மாட்டிவிட்டார்.

“கண்ணை மூடிக்கங்கக்கா. வயலின் இடது பக்கம், கொஞ்சம் பின்னாடி கேக்குதா? மிருதங்கம் வலது பக்கம். நடுவுல பாடுறவரு மூச்சு இழுக்கறதுகூடக் கேக்கும் பாருங்க.”

கேட்டது! சத்தியமாகக் கேட்டது. கச்சேரிக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளை சும்மா பைத்தியம் பிடித்து அலையவில்லை என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

“எவ்ளோ தம்பி இது?”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “ஆயிரத்து ஐந்நூறுக்கா. ஆஃபர்ல வந்துச்சு” என்றார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு ஆசாமி உண்டு. என் வீட்டுக்காரர், மீன்தொட்டி ஆசாமி. இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தொட்டிக்கு ஒரு ஃபில்டர் வாங்கினால் விலையைப் பட்டென்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நானும் பட்டென்று ஆரம்பித்துவிடுவேன். இரண்டு நாள் காபி டம்ளர்கள் ‘ணங்’கென்று மேஜையில் இறங்கும். அப்புறம் மீனுக்கு நானே தீனி போடுவேன். சமையலறைப் பக்கம் திருட்டுப் பார்வை பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

ஜெபாவிடமும் ஒரு விஷயம் இருந்தது. அதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போவோம். எப்போதும் என்னைத் தன் வலது பக்கத்தில்தான் உட்கார வைப்பாள். இடம் மாறினால் இறங்கி ஏறியாவது சரி செய்துகொள்வாள். “இதென்ன ராசியா?” என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இடது காது கேக்க மாட்டேங்குதுக்கா. முதல்ல லேசா இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல.”

வகுப்பில் இடது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் பேசுவது அவளுக்கு எட்டுவதில்லை. ஒரு குட்டிப்பெண் ‘மிஸ்... மிஸ்...’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது பெஞ்சு நனைந்து, சுற்றிலும் பிள்ளைகள் சிரித்து, அந்தக் குழந்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்ததாம்.

“அதோட அம்மா வந்து கேட்டாங்க பாருங்க... எனக்கு அப்படியே செத்துப்போலாம்னு இருந்துச்சுக்கா. இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலையில வச்சுக்கறது கஷ்டம்னு பெரிய மிஸ்ஸும் சொல்லிட்டாங்க.”

டாக்டர் காதுக்கு மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார். இருபத்தெட்டாயிரம்.

“செல்வின்கிட்ட சொன்னியா?”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாக. இப்போதைக்கு அவசரமில்லையாம்னு சொல்லிட்டேன். வீட்டு லோன் போக கையில என்னக்கா மிஞ்சுது? பாவம், அவுக தனக்குன்னு என்ன பெருசா செலவு பண்ணுதாக? ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒரு ஹெட்போன். அதுல போய் நான் கை வைக்கவா?”

அவரும் ‘அப்ப சரி’ என்று விட்டுவிட்டாராம். அவளுக்கும் ஹெட்போனை மாட்டிவிட்டு, இடது பக்கம் வயலின் கேட்கிறதா என்று கேட்டாராம். “கேக்குதேன்னு சொல்லிட்டேன்க்கா. அவ்ளோ ஆசையாக் காட்டுதாக, என்னத்தச் சொல்ல?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஜெபா வழக்கம்போல என்னைத் தன் வலது பக்க நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள். மேஜையில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஹெட்போனைப் பார்த்ததும் அவள் தோளைத் தட்டினேன்.

“இதை யாரு கொண்டாந்தது?”

“நான்தான்க்கா. பால்கனியில தக்காளி வச்சேன், பூவோட போச்சு. வெறுங்கையோட எப்படி வர? அலமாரியில இது சும்மா கெடந்துச்சு. புதுசு வந்ததும் அவுக இதைத் தொடவே இல்ல. பாட்டுக் குழுப் பிள்ளைக யாராச்சும் எடுத்தா உபயோகமா இருக்குமேன்னு நினைச்சேன்.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேனே! புதுசைத் தலையில மாட்டியிருந்தாக. நான் கேட்டதும் சரி சரின்னு தலையை ஆட்டுனாக.”

இவளுக்கு ஆட்டினாரா, தாளத்துக்கு ஆட்டினாரா? கர்த்தருக்கே வெளிச்சம்.

எங்கள் சர்ச்சில் ஏலம் விடுகிறவர் ஆல்பர்ட் அண்ணன். பக்கத்து ஏரியாவான பாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். மைக்கே தேவைப்படாத தொண்டை, ஆனாலும் மைக்கை விடமாட்டார். ஹெட்போனைத் தூக்கிக் காட்டினார்.

“இன்னா, அல்லாரும் கம்முனு கீறீங்க? புச்சு மாரி கீது பாரு! எர்நூறு ரூபாய்ல ஸ்டார்ட் பண்றேன். கேளு நைனா!”

யாரோ ஐந்நூறு என்றார்கள். பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கிற வினோத் எழுந்து வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ரெண்டாயிரம்” என்றான். நசரத்பேட்டையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு இளைஞரும் எட்டிப் பார்த்தார். “ஐயாயிரம்” என்றார்.

மைக் இரைச்சலில் ஜெபாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் பக்கம் சாய்ந்தாள். “எவ்ளோ கேக்காகக்கா?”

“ஐயாயிரம்.”

“ஐந்நூறா?”

“ஐயாயிரம்டி.”

முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. “சர்ச்சுக்குன்னா ஜனங்களுக்கு எவ்ளோ தாராள மனசு பாருங்க!”

வினோத் எட்டு என்றான். விருந்தாளி பத்து. வினோத் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் நான் அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்தாயிரத்தில் அவள் சிரிப்பு நின்றது. இருபதில் ஆண்கள் பக்கம் திரும்பிச் செல்வினைத் தேடினாள். மூன்றாவது வரிசையில் இருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. கையில் இருந்த செல்போனைப் பார்ப்பதுபோல இருந்தார், அதில் வெளிச்சம்கூட இல்லை.

விருந்தாளி இருபத்தைந்து என்றதும் வினோத் கையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“இர்பத்தஞ்சு ஒரு தரம்!” என்றார் ஆல்பர்ட் அண்ணன். “இர்பத்தஞ்சு ரெண்டு தரம்...”

செல்வின் கையைத் தூக்கினார். “முப்பது.”

பந்தலே சிரித்தது. “இன்னா சார், உங்க ஊட்டுப் பொருளை நீயே கேக்குறியா? சூப்பர் சார், சூப்பர்!”

ஜெபா என் கையைப் பிடித்தாள். “இப்பக் கேட்டது யாருக்கா?”

அவள் பார்க்கத்தான் செய்தாள். கை தூக்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

“செல்வின்தான்.”

“எவ்ளோ?”

“முப்பது... ஆயிரம்.”

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மெஷின் இருபத்தெட்டுதான் சொன்னாகக்கா” என்றாள்.

கடவுளே... எனக்கு அப்போது செல்வின் மீது வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஜெபா எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிற பெண்ணே அல்ல அவள்.

“அண்ணே, அவுக கேட்டதை விட்டுருங்க. காணிக்கையாக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிட்டுப் போற வழக்கம் எங்க வீட்ல இல்ல.”

“இன்னாம்மா, முப்பது வர்து, அத்தப் போய் உட்டுடச் சொல்றியே...” என்று ஆரம்பித்த ஆல்பர்ட் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். “இர்பத்தஞ்சு... மூணு தரம்!” என்று முடித்துவிட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டார்.

பெண்கள் பக்கம் கைதட்டல். ‘எவ்வளவு பக்தி பாரு’ என்று பின்னால் ஒரு அம்மா மெச்சிக்கொண்டார்.

பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது எனக்குள்ளே ஒரே வாக்குவாதம். ஆசைப்படுவது தப்பா? இல்லை. மாதம் முழுக்க மாடு மாதிரி உழைக்கிற மனுஷன் தனக்குப் பிடித்த ஒன்றை, கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும், வாங்கிக்கொள்ளக் கூடாதா? தாராளமாக வாங்கட்டும். ஆனால் விலையைச் சொல்லட்டும். சொன்னால் என்ன ஆகும்? சண்டை வரும். வரட்டுமே! சண்டையில்தானே ‘உனக்கு ஹெட்போன், எனக்குக் காது’ என்று அவள் வாயைத் திறந்திருப்பாள்? ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னதால் சண்டை வரவில்லை. அந்த வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் சொன்ன விலையை நம்பி, அவள் தன் காதை ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தாள்.

இதில் பெண்கள் நாம் யோக்கியமா? புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு ‘இதுவா, பழசுங்க’ என்று சொன்னதே இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வருகிற பொருளுக்கு இரண்டு விலை வைப்பதை நாம் ஒரு விளையாட்டாகவே பழகிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் அது தமாஷாகத்தான் இருந்தது.

தட்டுகளோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். நான் அவளுக்கு வலது பக்கம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பார்வை, எதிரே ஓடுகிற பிள்ளைகள் மேல் இருந்தது.

செல்வின் வந்தார். வெறுங்கையோடு வந்து, அவளுக்கு இடது பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகலாம் என்று நினைத்தேன், அதற்குள் பந்தல் இரைச்சலுக்கு நடுவே, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஜெபா... தப்பு பண்ணிட்டேன். அது அறுபத்தஞ்சாயிரம். உன்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு சொல்லல. என்னை மன்னிச்சுடு.”

ஜெபா திரும்பவில்லை.

“ஜெபா, ப்ளீஸ்... ஏதாவது பேசு. திட்டவாவது செய்.”

அவள் ஓடுகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வினின் கண் கலங்கிவிட்டது. மெதுவாக எழுந்தார். போகத் திரும்பினார்.

“தம்பி” என்றேன். “அவ கோபத்துல பேசாம இல்ல. நீ சொன்னது அவளுக்குக் கேக்கவே இல்ல. அவளுக்கு ஒரு காதுதான் கேக்கும்.”

நின்றுவிட்டார். வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷர். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்போ... எந்தக் காதுக்கா கேக்கும்?”

“வலது” என்றேன். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.