ராஜதாஸின் வலது கை

எதிரில் நிற்கிறவன் அடுக்களைப் பக்கம் சாய்ந்தால் ராஜதாஸின் கையும் அடுக்களைப் பக்கம் போகும். அவன் வாசல் பக்கம் ஆடினால் கையும் வாசலுக்கு வரும். அவன் தலையைக் குனிந்து காகிதத்தில் வரியைத் தேடினால், மைக்கும் குனிந்து அவன் மீசைக்குக் கீழே காத்திருக்கும். முகம் மட்டும் எங்கேயும் போகாது. கண்ணைப் பாதி மூடி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மழையில் நனைந்த மாடு போல நிற்பான் ராஜதாஸ்.

உதியன்குளங்கரையை அடுத்து சஜி நடத்துகிற கள்ளு ஷாப்பில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் கவியரங்கு நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். தமிழில் சொல்லலாம், மலையாளத்தில் சொல்லலாம், பாதிக்குப் பாதி கலந்தும் சொல்லலாம். டைல்ஸ் ஒட்டுகிறவன் வருவான், ரப்பர் வெட்டுகிறவன் வருவான், கோழிக்கடைக்காரன் இறகு ஒட்டிய சட்டையோடு வருவான். வாரம் முழுக்க உழைத்து முதுகு ஒடிந்த ஆட்கள். எல்லாருக்கும் ஒரு கையில் கிளாஸ், மறுகையில் காகிதம். மைக் பிடிக்க மூன்றாவது கை எவனுக்கும் கிடையாது. அந்த மூன்றாவது கைதான் ராஜதாஸ்.

தொடக்கத்தில் மைக்கை அவர்களிடமே கொடுத்துத்தான் பார்த்தான். ஒருத்தன் அதைக் கள்ளுப் பானைக்குள் இறக்கி, "கடலுக்க சத்தம் கேக்குதா?" என்று கேட்டான். கேட்டது கடல் அல்ல, ராஜதாஸின் பல் நெரியும் சத்தம். அன்றோடு சட்டம் வந்தது. "மைக்கு எனக்கதாக்கும். வாய் மட்டும் கொண்டு வாருங்க."

ஐம்பது வயது தாண்டிய மெலிந்த ஆள். கோயில் திருவிழா, சர்ச் கன்வென்ஷன், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் மைக் செட்டும் லைட்டும் போடுவதுதான் பிழைப்பு. ஏணியில் ஏறித் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவான். இறங்கி வந்து மைக்கைச் சோதிக்கும்போது மற்றவர்களைப் போல ஹலோ சொல்ல மாட்டான். "பங்கஜாட்சி, பங்கஜாட்சி" என்பான். அது அவன் மனைவியின் பெயர். கன்வென்ஷனில் பாஸ்டர் முறைத்தாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டேன். "மைக்கு இரைச்சல் போடுதா, சீறுதான்னு ஒத்தப் பேருல தெரிஞ்சிரும் அண்ணே. வீட்டுலயும் அந்தப் பேரு அப்படியாக்கும்."

அவன் கள் குடிப்பதில்லை. கவிதையும் எழுதுவதில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் கொட்டாவி விடுவான். "கள்ளு புளிச்சாலும் குடிக்கலாம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுன்னா என்ன செய்யியது?" ஆனாலும் இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்துவிடுவான்.

ஷாப்பில் நேரம் முடிந்ததற்கு மணி அடிக்கிற வழக்கம் இல்லை. கவிதை நீண்டால் ராஜதாஸின் கை அரை அரை இஞ்சாகப் பின்னால் போகும். குழையைக் காட்டினால் நடந்து வரும் ஆடு போலக் கவிஞனும் மைக்கின் பின்னாலேயே போவான். டைல்ஸ் ஒட்டுகிற தீபு ஒருதடவை இப்படியே வாசற்படிவரை போய்விட்டான்.

"மாமா, இன்னும் எட்டு வரி உண்டு!"

"வெளிய நல்ல காத்து உண்டு மக்கா. அங்ஙன நின்னு சொல்லு."

என்னிடமும் இதைச் செய்தான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்தவன் பட்டறையில் கரி அள்ளித் தொடங்கி, சொந்தமாகப் பட்டறை போட்டு, இன்று பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் நல்ல கேட் எது என்று நீங்கள் கை காட்டினால் அது என் கேட்டாகத்தான் இருக்கும். என் வாழ்க்கையை நானே பாட்டாகக் கட்டியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, முதல் வெல்டிங் மெஷின் வாங்கிய இடத்தில் மைக் என் வாயை விட்டு நழுவியது. "பட்டறை தொடங்கியாச்சே ராஜையா அண்ணே. மிச்சம் எல்லாருக்கும் தெரியும்" என்றான். அதுவும் சரிதான். இந்தப் பக்கத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு.

இந்த மழைக்காலத்தில் அவன் வலது கை மக்கர் செய்தது. சட்டை போடவே ஆள் வேண்டும் என்ற நிலை. ஒருநாள் பங்கஜாட்சி என் பட்டறைக்கு வந்தாள். தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலை முடிந்து வந்தவள், காலில் சேறு காயவில்லை.

"அண்ணே, கையத் தோளுக்கு மேல பொக்கித் தூக்கப் பிடாதுன்னு டாக்டர் பறஞ்சாரு. பின்னயும் அந்த ஷாப்புல போயி நேரங்காலம் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்காரு. கோயில் சீசன் வரப்போவுது. இந்தக் கை உறைஞ்சு போச்சுன்னா ஏணியில யாரு ஏறுவா? நானா?"

"நீ சொன்னா கேக்க மாட்டானா?"

"எனக்க பேரை மைக்குல மட்டுந்தான் சொல்லுவாரு. நான் சொன்னா காது கேக்காது. நீங்க சொல்லுங்க."

நான் சொல்லுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள். அன்றைக்கே ஒரு மைக் ஸ்டாண்ட் அடித்தேன். கடையில் விற்கிற, காற்றுக்கு ஆடுகிற சாமான் அல்ல. தடித்த இரும்புக் குழாய், அடியில் பழைய ஆட்டோவின் வீல் டிரம், ஏற்றி இறக்க ஒரு திருகு. யானை சாய்ந்தாலும் சாயாது. உச்சியில் ஒரு எவர்சில்வர் தகட்டை ஒட்டி, அன்பளிப்பு ராஜையா என்று எழுத்துப் பொறித்தேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அடுத்த கவியரங்கில் சஜி அதை நடுவில் கொண்டு வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். ராஜதாஸ் ஸ்டாண்டை ஒருதடவை சுற்றிவந்தான். மைக்கைக் கிளிப்பில் மாட்டி இரண்டு முறை பங்கஜாட்சி சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்த ஷாப்பில் கவிதை நடக்கும்போது அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வாங்கினான். கை வாய்க்கு ஏறவில்லை. வாயைக் கைக்கு இறக்கிச் சாப்பிட்டான். நான் செய்தது எவ்வளவு சரியான காரியம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

தீபு முதலில் எழுந்தான். அவன் வழக்கம்போல ஆடினான், ஸ்டாண்ட் ஆடவில்லை. "நிலவே" என்பது மைக்கில் கேட்டது. நிலவு என்ன செய்தது என்பது அடுக்களையில் மீன் கழுவுகிறவர்களுக்கு மட்டும் கேட்டது.

"எலே, அந்தக் கம்பியக் கெட்டிப் பிடிச்சுக்கலே!" என்று யாரோ கத்தினார்கள். பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு விடவே இல்லை. நிலவு முடிந்தது, காதலி முடிந்தாள், அரசாங்கம் முடிந்தது, தீபு முடியவில்லை. மைக்கை இழுக்க ஆள் இல்லை. எல்லாருடைய தலையும் ராஜதாஸ் பக்கம் திரும்பியது. அவன் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சஜியே தீபுவைக் கழற்றி உட்கார வைத்துவிட்டு, கருணாகரன் அண்ணனைக் கூப்பிட்டான். கருணாகரன் அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கள் தொடாமலே ஆடுகிறவர். காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால், தரை நின்றாலும் நிற்காது. இப்போது தலையும் நடுங்குகிறது. மனைவி போன பிறகு வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. மாதத்தில் ஒருநாள் அவர் வாய் திறப்பது இங்கேதான். எவரிடமும் இரக்கம் காட்டாத ராஜதாஸ், அவரிடமிருந்து மட்டும் மைக்கை இழுத்ததே இல்லை.

"எல்லாரையும் இறக்கி விட்டாச்சு" என்று தொடங்கினார். அடுத்த வரி காற்றில் போயிற்று.

"கேக்கல்ல அண்ணே!"

அவர் மைக்குக்கு நேராக வாயைக் கொண்டுவரப் பார்த்தார். வாய் வந்தபோது தலை விலகியது, தலை வந்தபோது கால் விலகியது. திரும்பவும் தொடங்கினார். திரும்பவும் கேட்கவில்லை என்றார்கள். பின்னால் ஒருத்தன் சிரித்தான். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சாரமில்ல, போட்டும். பின்ன ஒரு நாளு சொல்லுதேன்" என்றார். அது மட்டும் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

ராஜதாஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கையைக் கழுவித் தோர்த்துத் துண்டில் துடைத்தான். பங்கஜாட்சிக்கு நான் என்ன பதில் சொல்வது?

"எலே ராஜதாசு, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. டாக்டர் சொன்னாருல்லா?"

"கேட்டது அண்ணே" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

நேராக ஸ்டாண்டுக்குப் போனான். மைக்கைக் கிளிப்பிலிருந்து உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். திருகைத் தளர்த்தி, குழாயைத் தன் நெஞ்சுக்குக் கீழே வரும்வரை இறக்கி முறுக்கினான். தோளில் கிடந்த ஈரத் தோர்த்தை எடுத்து மடித்து மடித்து உச்சியில் சுற்றிக் கட்டினான். அதன்மேல் வலது முழங்கையை ஊன்றி மைக்கை நிமிர்த்தினான். தோள் உயரவில்லை. முழங்கைக்கு மேலே கை மட்டும் நாலு பக்கமும் திரும்பியது.

"காகிதத்த எடுங்க அண்ணே. முதல்லருந்து சொல்லுங்க."

கருணாகரன் அண்ணன் அவனையும் ஸ்டாண்டையும் பார்த்தார். காகிதத்தைப் பிரித்தார்.

"எல்லாரையும் இறக்கி விட்டாச்சு. காலி சீட்டுக்கு ஒரு டிக்கெட் கிழிக்கிறேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் அந்தப் பக்கம் ஆடினார், கை அந்தப் பக்கம் போனது. வாசல் பக்கம் ஆடினார், கை வாசலுக்கு வந்தது. ராஜதாஸ் தன் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு நின்றும் ஸ்டாண்ட் இம்மி அசையவில்லை. அதைப் பட்டறையில் அடித்தது யார்?

என் தகடு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தோர்த்து நழுவி, "ராஜை" வரைக்கும் வெளியே தெரிந்தது. ராஜதாஸ் கண்ணைப் பாதி மூடியபடியே, இடது கையால் தோர்த்தை இழுத்து அதையும் மூடிவிட்டு, மைக்கைக் கருணாகரன் அண்ணனின் வாய் போன பக்கமெல்லாம் கொண்டுபோனான்.