மகளின் முதல் படத்துக்கு ஒரு பழைய துணி

என் மகள் பிறந்தது சேலம் சூரமங்கலத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். எந்த ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்கலாம். ஊருக்கெல்லாம் யாராவது வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வரவேண்டியவர் மட்டும் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டோரத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. திருச்செங்கோட்டைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் ஆண்கள் கிணறு துளைக்கும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள்தான். மழைக்காலம் பிடித்தால்தான் வண்டி ஊர் திரும்பும். மழை வரட்டும், அதுவரை பொறு என்று வயிற்றிடம் சொல்ல முடியுமா?

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பொறந்ததும் நல்லதா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிரிண்டு போட்டு வண்டியில கண்ணாடிக்கு மேல ஒட்டி வெச்சுக்கறேன்."

அந்தக் காட்டில் சிக்னல் கிடையாது. டீசல் வாங்க டவுனுக்கு வரும்போதுதான் அவர் போனுக்கு உயிர் வரும். இனி மழைக்காலம் வரைக்கும் அவருக்கு மகள் என்றால் அந்தப் படம்தான். அது சரியாக வரவேண்டும் என்பதே என் கவலை. மற்றதெல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகளைப் படம் எடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்ப்பேட்டையில் முன்பே வாங்கிப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்த சிவப்புக் கவுனை எடுத்து வெளியே வைத்தேன். துணைக்கு இருந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"பச்சைப்புள்ளைக்கு மொதமொதல்ல புதுத்துணி போடறதா? ஆகாது சாமி. பழசுதான் போடோணும்."

பழசு என்று அவள் கொண்டுவந்தது, செத்துப்போன அப்பாவின் வேட்டியைக் கிழித்த துண்டுகள். குழந்தையைச் சுற்ற மெத்தென்று நன்றாகத்தான் இருந்தன. அதற்காக அதில் வைத்தா படம் எடுப்பது? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "துவைச்சாப் புதுசும் பழசுதானம்மா" என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். கவுனை பக்கெட்டில் ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, உதறிப் பார்த்து, "இன்னும் புதுசாட்டவே இருக்குது" என்று மறுபடியும் முக்கினாள். ஒரு துணி பழசாக வேண்டும் என்று இத்தனை பாடுபட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. கையோடு கையாக வேட்டித் துண்டுகளையும் அதே பக்கெட்டில் போட்டுவிட்டாள். கவுன் பழசானதோ இல்லையோ, சாயம் இறங்கி அப்பாவின் வேட்டி முழுக்கத் திட்டுத்திட்டாக ரோஸ்.

விடிந்தபோது எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுக்குள் என் மகள் தூங்கினாள். பக்கத்து அறையில் இன்னொருத்தியின் மாமனார், நாத்தனார், கொழுந்தன் என்று ஒரு பட்டாளமே சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ "அப்பாகிட்டக் குடுங்க, அப்பாகிட்டக் குடுங்க" என்றார்கள். எனக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தையல் போட்ட வயிறு, அதற்கும் வழியில்லை.

படம் எடுக்கும் பெண் கூடையும் வெள்ளைப் பஞ்சு விரிப்புமாக வந்தாள். அம்மா குறுக்கே நின்றாள்.

"இது பழசுதாம்மா. எத்தனையோ கொழந்தைக்கு விரிச்சாச்சு" என்றாள் அந்தப் பெண்.

"ஊரார் பழசு ஆகாது அம்மிணி. நம்மூட்டுப் பழசா இருக்கோணும்."

வேறு வழியில்லாமல் தலையணை உறைக்குள் கையை விட்டேன். அவர் ரிக்கில் போடும் நீலச் சட்டை அதற்குள் இருந்தது. கிரீஸ் கறை படிந்தது. அவர் போன பிறகு நான் அதைத் துவைக்கவில்லை. வலி எடுத்த அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தேன். அம்மா சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது நல்ல பழசுதான்" என்று வாங்கி உதறிக் குழந்தையைச் சுற்றினாள். கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். என் மகளும் கையும் காலும் இல்லாத பொட்டலம் மாதிரி கிடந்தாள்.

தலை ஒரு பக்கமாகவே சாய்ந்தது. "கொஞ்சம் தாங்கிப் பிடிங்கக்கா. கையையும் அந்தக் கறையையும் அப்புறமா எடிட் பண்ணி எடுத்துடறேன்" என்றாள் அந்தப் பெண். ஊசிக்காக பிளாஸ்டர் ஒட்டிய கையைக் கீழே கொடுத்தேன். வீங்கிப்போய் அசிங்கமாக இருந்தது. "கண்டிப்பா எடுத்துரு" என்றேன்.

பார்ப்பதற்காக அவள் என் போனுக்கு அனுப்பிய படத்தை, எடிட் செய்யும்வரை பொறுமை இல்லாமல் வாட்ஸ்அப்பில் அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன். ஒற்றை டிக் விழுந்தது. விழுந்த டிக் அப்படியே நின்றது. சொந்தக்காரர்கள் போனில் எடை கேட்டார்கள், நிறம் கேட்டார்கள், யார் ஜாடை என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம், வீட்டுக்குக் கிளம்பப் பையைக் கட்டும்போது அவர் கூப்பிட்டார். பின்னால் லாரி இரைச்சல்.

"பாத்தேன்" என்றார். "அது என்ற சட்டைதானே?"

"ஆமாங்க."

"அதைய எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன?"

"சும்மாதானுங்க."

"கீழ ஒரு கை தெரியுது. உன்ற கையா?"

"ஆமாங்க. அதைய எடுத்துட்டு நல்ல படமா அனுப்பச் சொல்லியிருக்கறேன்."

"எடுக்க வேண்டாம்னு சொல்லு. இதையே பிரிண்டுக்குக் குடுத்துட்டேன்." மறுபடியும் லாரி இரைந்தது. "கை வீங்கியிருக்குதே. ரொம்ப வலிச்சுதா?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் ஒருத்தி சொன்னாள்.

அம்மா பையை விட்டுவிட்டு வந்தாள். "என்ன சாமி, அழுவற? தையல் வலிக்குதா?"

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப வலிக்குது."