குட்டைத் தண்ணீரில் நின்ற ஆள்

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழையாகப் போன எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். ரப்பர் வைத்து அழிக்கவில்லை. அழிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

சைகோனில் கான் ஹொய் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல் மாஸ்டர். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து சாயங்கால வடைக்கு உட்காரும் வரை கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். பாலத்தைத் தாண்டினால் வானத்தைத் தொடுகிற கண்ணாடிக் கட்டடங்கள். மழை விட்டதும் போனை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஆட்களைப் படம் பிடிக்க எனக்குக் கூச்சம். கட்டடத்தையும் நேருக்கு நேர் பிடிக்க மாட்டேன். ஒரு கட்டடத்தின் கண்ணாடியில் எதிர்க் கட்டடம் நெளிந்து தெரியும். அதுவே கீழே தேங்கிய மழைத்தண்ணீரில் தலைகீழாக இன்னொரு தடவை தெரியும். இதைப் பிடிக்க ஒரே வழி, குனிந்து போனைத் தண்ணீரில் படுகிற மாதிரி வைப்பது. அப்போது சின்னக் குட்டைகூடக் குளம் மாதிரி விரியும்.

பிடித்தபடியே படம் நன்றாக இருக்காது. கண்ணாடி வெளிறிக் கிடக்கும். ராத்திரி அறைக்குப் போகும் வரை பொறுக்காமல் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தபடியே திருத்த ஆரம்பித்துவிடுவேன். போனில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது. சூரியன் போட்டிருந்தால் வெளிச்சம், பாதி கறுப்பான வட்டம் என்றால் கறுப்பு வெளுப்பு, துளி போட்டிருந்தால் நிறம் என்று படத்தைப் பார்த்தே பழகினேன். முதலில் சாய்வை நிமிர்த்துவேன். பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்பை ஏற்றினால், கண்ணாடிக்குள் மங்கிக் கிடந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எண்ணெய் காய்ந்ததும் அப்பளம் பொரிந்து வருகிற மாதிரி. அந்த நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும்.

கடைசியில் அழிக்கிற வேலை. கண்ணாடியைப் படம் பிடித்தால் பிடிக்கிறவனும் அதில் விழுவான். அடுப்படி பனியன், முன்னால் தள்ளிய வயிறு, தலையில் ஈரத் துண்டு. அவ்வளவு அழகான கட்டடத்துக்கு நடுவில் அந்த ஆள் நிற்பதைப் பார்க்க எனக்கே சகிக்காது. விரலால் தேய்த்தால் போன் பக்கத்திலிருந்து கொஞ்சம் கண்ணாடியை எடுத்து அந்த இடத்தை மூடிவிடும். நான் எடுத்த ஒரு படத்திலும் நான் இல்லை.

முதலாளி காரைக்குடிப் பக்கம், என்னைவிட வயதில் இளையவர். ஒருநாள் என் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், இது நீங்க எடுத்ததா? கேலண்டர்ல போடலாம் போலயே! இத்தன நாளாச் சொல்லாம இருந்துட்டீகளே."

அதைப் பெரிதாக அச்சடித்து, கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன்.

கல்லாவில் இருப்பது இந்த ஊர் அக்கா. என்னைவிட மூத்தவர், பாலத்தடியில் ஒரு சந்தில் வீடு. என்னைத் தம்பி என்பார். எங்கள் பேச்சு வியட்நாமிய மொழியில்தான். அதை என் தமிழில் எழுதுகிறேன். படம் மாட்டிய மறுநாளே அவர் அதன் முன்னால் நின்று, "இது யாரு?" என்றார்.

போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் நின்ற என்னை அழித்திருந்தேன். கீழே குட்டையில் விழுந்த என்னை அழிக்கவில்லை. போனில் பார்த்தபோது வெள்ளையாக ஒரு தீற்றல், மேகம் என்று விட்டுவிட்டேன். இப்போது முழ நீளத்துக்கு, தலைகீழாக, குனிந்த ஒரு வெள்ளை உருவம். அலையில் முகம் கலைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே நிற்க வேண்டிய மனிதனும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். "தெரியலையேக்கா" என்று உள்ளே போய்விட்டேன். நான்தான் என்றால் ஏன் அழித்தாய் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

சாப்பிட வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அதை வைத்துச் சிரித்தார்கள். "டேய், கால் இல்லடா! ஒரிஜினல் பேய்." "பேய் பிரியாணி கேக்குது, ஒண்ணு போடச் சொல்லு." அக்கா சிரிக்கவில்லை. அது இங்கே சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். கேட்பாரற்ற ஆவிகள் பசியோடு அலைகிற மாதம் என்பார்கள். கட்டடம் கட்டும்போது விழுந்து செத்த யாரோ ஒருவன் படத்துக்குள் வந்து நிற்கிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு ஊதுபத்தி கொளுத்த ஆரம்பித்தார். உயிரோடு இருப்பவன் படத்துக்கு அப்படிச் செய்வது இந்த ஊரில் பெரிய அபசகுனம். ஊதுபத்தி வாசனை அடுப்படிக்குள் வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்துவேன். தினமும் சொல்லிவிடலாம் என்று கல்லா வரை போவேன். தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

பௌர்ணமி அன்று அவர் அடுப்படிக்கு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடு. உப்பு வேண்டாம். நல்லாத் தண்ணியா இருக்கணும். அதுங்களுக்குத் தொண்டை ஊசித் துளை மாதிரி, கட்டியா இருந்தா இறங்காது."

"யாருக்குக்கா?" என்றேன், தெரியாதவன் போல.

"அந்தப் படத்துல இருக்கிறவனுக்குத்தான். பெத்தவ எங்க இருந்து தேடுறாளோ." நான் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கும் ஒரு தம்பி. சண்டை முடிஞ்சு சில வருஷம் கழிச்சு, மீசை முளைக்காத வயசுல நாட்ட விட்டுப் படகேறிப் போனான். போய்ச் சேர்ந்தான்னும் சேதி இல்ல, செத்தான்னும் சேதி இல்ல. படம் வச்சா செத்தவன்னு ஆயிடும்னு அம்மா கடைசி வரைக்கும் அவன் படத்த வைக்க விடல. ஊதுபத்தியும் கிடையாது. நான் யாரோ ஒருத்தனுக்கு ஊத்தினா, எங்கயோ யாரோ அவனுக்கு ஊத்துவாங்கன்னு ஒரு நெனப்பு."

எனக்கு நானே கஞ்சி காய்ச்சினேன்.

கிண்ணத்தை நானே கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தேன். அக்கா கைகூப்பிப் படத்தோடு பேசினார். "எந்த ஊர்ப் பிள்ளையோ, வயிறாரக் குடிச்சுட்டுப் போ. கடல்ல எங்கயாவது என் தம்பியப் பார்த்தா, அக்கா இன்னும் அதே வீட்டுலதான் இருக்கான்னு சொல்லு. சந்து பேரு மாறிடுச்சு, வீடு மாறலைன்னு சொல்லு."

"அக்கா, அது நான்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எது?"

"குட்டையில இருக்கிறது. மேல நின்னதை அழிச்சேன். கீழ இருந்தது கண்ணுல படல."

அவர் நம்பவில்லை. "குனி" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் போனைத் தரையருகே பிடித்து, பனியனும் வயிறுமாகக் குனிந்து நின்றேன். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ ஒரு பிள்ளை, "பேய் நம்ம மாஸ்டர்டா!" என்று கத்தினான். கடையே சிரித்தது.

அக்கா ஊதுபத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் அமிழ்த்தினார். "நான் இங்க அழுதுக்கிட்டு நிக்கிறேன், நீ உள்ள வடை சுட்டுக்கிட்டு இருந்தியா?" கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான வச்சது? குடி."

நின்றபடியே குடித்தேன். உப்பில்லாத வெறும் தண்ணீர். எனக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். "விடுங்க மாஸ்டர், தண்ணியில நிக்கிறதையும் அழிச்சுக் குடுத்துருங்க, திரும்ப அடிச்சுப்புடுவோம். ஆமா, மொதல்ல ஏன் அழிச்சீக?"

"நான் நின்னா படம் கெட்டுப்போகும்னு…" என்று கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன்.

முதலாளி சொன்னதை அக்காவுக்கு வியட்நாமிய மொழியில் சொன்னேன். அக்கா கூடாது என்று தலையை ஆட்டினார். "அழிக்காதே. மேல நின்னவனத் திரும்ப வை. எங்க வீட்டுல ஒருத்தனுக்குப் படம் வைக்க முடியல. உயிரோட இருக்கிற நீ எதுக்குப் படத்த விட்டுப் போற?"

மறுநாள் பாலத்தில் நின்று அந்தப் படத்தைத் திறந்தேன். ஒரு இடத்தைத் தொட்டால் போதும், முதலில் எடுத்தது அப்படியே திரும்பிவிடும். தொட்டேன். சாய்வும் வந்தது, வெளிறலும் வந்தது, நானும் வந்தேன். நிமிர்த்தினேன், வெளிச்சம் குறைத்தேன், ஜன்னல்களை எழுப்பினேன். அழிக்கிற பொத்தானுக்கு விரல் தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். வயிற்றின் மேல் விழுந்த வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கினேன். புதுப் படம் மாட்டிய அன்றே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "வயித்த எங்கடா ஒளிச்ச?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். இந்த ஊர்ப் பேச்சிலும் நம் 'டா' மாதிரி ஒரு சொல் உண்டு, அது வரை அவர் அதை என்னிடம் போட்டதில்லை.

பௌர்ணமிக் கஞ்சியை நான் குடித்துவிட்டதால் அன்று சாயங்காலமே இன்னொரு பானை காய்ச்சிக் கொடுத்திருந்தேன். கடைவாசல் மரத்தடியில் அவர் அதை ஊற்றினார். உதடு அசைந்தது. நான் உள்ளே போய்விட்டேன். இந்தத் தடவை கேட்கக்கூடாது என்று மிக்சியைப் போட்டுவிட்டேன்.

இப்போது இது கடையில் சிரிப்புக் கதை. வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி சொல்வார். அவர்கள் சிரிப்பதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. சந்து பேர் மாறிவிட்டது, வீடு மாறவில்லை என்று ஒரு அக்கா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். அந்தச் சேதி என் காதில் வந்து விழுந்து அதோடு நின்றுவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் நான் பின்வாசல் வழியாகத்தான் வருகிறேன். சுவரில் நிற்கிற ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐப்பசி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.