யாராவது பயந்தால் ஹால் உண்டு

டொக்... டொக்... டொக்... இருட்டில் இப்படிக் கேட்டால், தேங்காய்ச் சிரட்டையைப் பலகையில் தட்டி நான் ஒரு பிணத்தை நடக்கவிடுகிறேன் என்று அர்த்தம். மூன்று பேர் மைக் முன்னால் நின்று பழைய பேய்க்கதைகளைக் குரலிலேயே நடிப்பார்கள். சத்தமெல்லாம் திரைக்குப் பின்னால் என் கை. வாரத்தில் ஆறு ராத்திரி கன்டெய்னர் யார்டில் காவல், ஞாயிறு சாயங்காலம் இது. தூக்கம் கெட்டவனுக்கு வேறென்ன இருக்கிறது?

எண்ணூர்ப் பக்கம் ஒரே ஒரு ஹால்தான் எங்களை உள்ளே விட்டது. அதன் செயலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு ஷோ தாரேன். ஒருத்தனாச்சும் பயப்படணும். இல்லாங்காட்டி நடையக் கட்டு."

கதவு

முதல் கதை, பாழடைந்த பங்களா. இதற்காகவே ஒரு கதவுக் கீலை வாரம் முழுக்க உப்புத்தண்ணீரில் போட்டுத் துருவேற்றியிருந்தேன். மெல்லத் திருப்பியபோது எனக்கே முதுகு சிலிர்த்தது. மூன்றாவது வரிசையில் ஒரு போட் மெக்கானிக், பக்கத்து ஆளிடம் சத்தமாகவே கேட்டார்: "இம்மாம் பெரிய பங்களா கட்டிக்கீறான், கீலுக்கு ஒரு சொட்டு எண்ண வுட மாட்டானா?"

கழுத்து

இரண்டாவது ஷோவில் பிணம் எழுந்து வேலைக்காரன் கழுத்தை முறிக்க வேண்டும். நண்டுக்காலை மைக்கருகே பிடித்து மளுக்கென்று ஒடித்தேன். ஹாலே மூச்சை அடக்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என்னைப்போல் மேடைக்குப் பின்னால் குந்தி அவதிப்படுகிறவர்களே, அப்படி மட்டும் நினைக்காதீர்கள். முன்வரிசையில் இருந்த காத்திவாக்கத்து மீன்காரம்மா சொன்னார்: "நண்டு. அதுவும் நேத்து நண்டு. யார்ட்டப்பா ஏமாந்த?"

சைரன்

கடைசி வாய்ப்பு. செத்த கைதி ஒருவன் சிறையிலிருந்து தப்புகிற கதை. காயலான் கடையில் வாங்கிய கைச் சைரனை முழுமூச்சாகச் சுற்றினேன். நான் ராயபுரத்துக்காரன், எண்ணூரில் சைரன் என்றால் உரக் கம்பெனியில் கேஸ் லீக் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"கேஸு! கேஸு!" பாட்டில் தண்ணீரில் துண்டும் துப்பட்டாவும் நனைந்தன, மூக்குகள் மூடின, நாற்காலிகள் உருண்டன. மைக் முன்னால் நின்ற செத்த கைதிதான் முதலில் வெளியேறினான். சைரனைச் சுற்றியவன் நான். தெரிந்திருந்தும் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடினேன்.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வாசலில் உண்மையைச் சொன்னதும் நாலு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். ஈரத்துண்டோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த செயலாளர்தான் விலக்கிவிட்டார்: "ஹாலு உனக்குத்தான் நைனா, நானே பயந்துட்டேன். ஆனா அந்தச் சனியன மட்டும் இன்னொரு தபா எட்தாராத."

எதற்குப் பயப்பட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிற ஊரில் பேயை வைத்துப் பயங்காட்ட வந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டே, வழக்கம்போல உள்ளே போய் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.