சரணத்தை முதலில் முனகுபவர்

எங்கள் முதலாளி எனக்குக் கடையில் ‘சார்’, மாதா கோவிலில் ‘அண்ணே’. திண்டிவனத்தில் அவருடைய ஃபர்னிச்சர் கடையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடத்திய பாடகர் குழுவில் பெண்கள் வரிசையிலும் நின்றேன். வாரம் முழுக்க அவர் என்னை விரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய ஜிப்பாவை நான் கேலி செய்வேன். இரண்டு பேருக்கும் கணக்கு நேராகிவிடும்.

பூசைக்குக் கீபோர்டு உண்டு. சாவு வீட்டுக்கும் கல்லறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. யாராவது வாயால்தான் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதில்தான் மற்றவர்கள் மாட்டுவார்கள். பல்லவியை உற்சாகமாக எடுத்துவிடுவார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும். சரணம் மேலே ஏறும்போதுதான் தெரியும், யாருக்கும் எட்டாது என்று. ஆண்கள் இருமுவார்கள், பெண்கள் கீச்சிடுவார்கள், பாட்டு நடுவழியில் படுத்துவிடும்.

அவர் எடுத்தால் அப்படி ஆகாது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சரணத்திலேயே மிக உயரமான இடம் எதுவோ அதை முதலில் முனகிப் பார்ப்பார். தொண்டை இழுத்தால் கொஞ்சம் இறக்கி மறுபடி முனகுவார். அங்கே எல்லோராலும் நிற்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் கீழே வந்து பல்லவியைத் தொடங்குவார். அப்படியும் சில நாள் தப்பிவிடும். உடனே கையைத் தூக்குவார். “சுதி ஏறிப்போச்சி. எறக்கிக்கலாம்” என்பார், பிணத்துக்கு முன்னால், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குழுவில் அடிக்குரல் ஒரே ஒருவருக்குத்தான். எங்கள் கடையின் ஃபிட்டர். வீடு வீடாகப் போய்க் கட்டிலையும் பீரோவையும் நட்டு போட்டுப் பூட்டிக் கொடுப்பவர். பெரிய பாடகர் என்று சொல்ல மாட்டேன், வார்த்தைகளைப் பாதி முழுங்கிவிடுவார். ஆனால் கீழே அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தால் மேலே போக எங்களுக்குத் தைரியம் வரும்.

அப்புறம் முதலாளிக்கு விழுப்புரம் ஆசை வந்தது. மூன்று மாடி, முழுக்க ஏசி. திறப்பதற்கு முன்பு மார்கழியில் எங்களையெல்லாம் விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு வரச்சொல்லிப் பயிற்சி வைத்தார். டை கட்டிய ஒருவர் வந்து, பெரிய திரையில் வெளிநாட்டு வாத்தியக் குழுவைக் காட்டினார். நூறு பேர் வாசிக்க, ஒருவர் சின்னக் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார். “இவர் ஒரு சத்தமும் போடவில்லை, ஆனால் எல்லாச் சத்தமும் இவருடையது” என்றார் டை கட்டியவர். சரி என்று கேட்டுக்கொண்டேன். அடுத்து, “தலைவர் சுதியை ஏற்றினால் போதும், குழு தானாக ஏறி வந்துவிடும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணனும் சிரிப்பார், இந்த ஆளை ஒரு வழி பண்ணப்போகிறார் என்று முன்வரிசையை எட்டிப் பார்த்தேன். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தையில் கடை திறந்தது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சீர்வரிசைக் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் என்று லோடு வண்டிகள் நிற்காமல் ஓடின. திண்டிவனத்தில் இருந்த நல்ல சரக்கை எல்லாம் விழுப்புரத்துக்கு ஏற்றச் சொன்னார். மூன்று மாடியை நிரப்ப வேண்டுமே. எங்கள் கடையில் பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே இடைவெளி. வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னாங்க, கடய காலி பண்றீங்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் தொழிலில் தொண்டை இழுக்கும் சரணம் ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதத்தில் கட்டில் யார் வாங்குவார்கள்? ஆடித் தள்ளுபடி என்றால் ஜனம் துணிக்கடைக்குத்தான் போகும். அந்த மாதத்தைத் தாங்கும் அளவுக்குத்தான் மற்ற மாதங்களிலும் செலவு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டில் விற்கிற யாருக்கும் இது தெரியும். பாட்டில் இதை மறக்காமல் செய்கிற மனிதர், கடையில் தை மாதத்துப் பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருந்தார்.

ஆனி கடைசியில் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். அவருடைய கண்ணாடி அறைக்குள் நுழைந்து, கடை என்றும் பாராமல் “அண்ணே” என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“இங்க ஒரு மாடி போதுங்கண்ணே. ரெண்ட மூடிட்டு, சரக்க திண்டிவனத்துக்கு அனுப்புங்க. அந்தக் கடயாவது பொழச்சிக்கும். இப்பிடியே போனா அதுவும் போயிடும், அங்க இருக்கிற ஏழு பேரும் எங்க போறது? பாட்டுல நீங்கதான கைய தூக்கி எறக்குறீங்க? இங்கயும் எறக்கிக்கலாம்.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகித் திருகி மூடினார்.

“கோயில்ல நிறுத்துனா, சரியா பாடத்தான் நிறுத்துறாருன்னு நிப்பாங்க. இங்க ஒரு மாடி லைட்ட அணைச்சா, அவன் கத முடிஞ்சிடுச்சின்னு ரோட்டுல பேசிக்கினு போவாங்கம்மா. அந்தப் பேச்ச என்னால தாங்க முடியாது.”

“அதுக்கு நாங்க தாங்கணுமா?” என்று கேட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. தெரியாதவர் செய்தால் விதி என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்கிறவரை என்ன செய்வது?

ஆடியில் மூன்று மாடியிலும் விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. புரட்டாசியில் திண்டிவனம் கடையை மூடினார். கடைசியாகக் காட்சிக்கு நின்ற கட்டிலை ஃபிட்டர்தான் கழற்றினார். எத்தனையோ வீட்டில் பூட்டிய கை, கழற்றும்போது நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் முடிந்து வைத்தது. “குயிலாப்பாளையத்துல ஒரு மரப் பட்டறையில கூப்புட்றாங்கக்கா. ஞாயித்துக்கெழமயும் வேல இருக்குதாம். பாட்டுக்கு வர்றது பேஜாருதான்” என்றார். ஷட்டரை அவரே இழுத்துவிட்டார். நான் இப்போது ஒரு சிமென்ட் கடையில் பில் போடுகிறேன்.

விழுப்புரத்தில் ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு மாடி இருட்டாகிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் பேசத்தான் செய்தார்கள்.

கல்லறைத் திருநாள் வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா அங்கே கிடக்கிறாரே, போனேன். மெழுகுவத்திகளைக் காற்று அணைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் மெலிந்து, அதே ஜிப்பாவில் நின்றார். யாரும் கேலி செய்யவில்லை. சாமியார் கை காட்டியதும் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சரணத்தின் உயரமான இடத்தை முனகினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி முனகினார். பிறகு பல்லவியை எடுத்தார்.

அத்தனை கச்சிதமாக அவர் எடுத்து நான் கேட்டதில்லை. சரணம் ஏறியபோது ஒரு தொண்டைகூட இழுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக மட்டும் இல்லை.

சரணம் முடிந்து பல்லவி தாழ்ந்து வரும் இடத்தில் அடிக்குரல் சேர வேண்டும். அண்ணன் வழக்கம்போல் ஃபிட்டர் நிற்கும் வலப்பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. தானே அடிக்குரலுக்கு இறங்கிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. பழக்கத்தில் கை பாதி உயர்ந்தது, பிறகு மெல்லக் கீழே வந்துவிட்டது. சுதியில் தப்பு இல்லை. நிறுத்தி அவர் எதைச் சரிசெய்வார்?