வெம்பிளிக் களிமண்ணும் சரோ அக்காவின்ர கன்னிக்காலும்

வீட்டுச் சுவர் வெடிச்சா எல்லாரும் மேல பாப்பினம். கீழ பாக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சுவரோரமா ஒரு குழி வெட்டி, அத்திவாரம் எவ்வளவு ஆழம், அடியில என்ன மண் எண்டு எஞ்சினியருக்குக் காட்டிறது என்ர வேலை. சுவரில கோடு விழுந்து, அதை ஆருக்கும் காட்டாம மறைச்சு வச்சிருக்கிற லண்டன் சனங்களே, வெட்கப்படாதேங்கோ, எல்லா வீட்டிலயும் இதுதான் நிலைமை. வெம்பிளியில ஒரே வீட்டில நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

முருகனுக்குப் பின்னால

சரோ அக்கா போனில சொன்னது, "சின்னக் கோடு தம்பி, நூல் மாதிரி." போய்ப் பாத்தா சுவரில முருகன் கலண்டர். அதைக் கழட்டினா என்ர சுண்டுவிரல் உள்ள போகுது! மகனுக்கு அடுத்த மாசம் கலியாணம், மருமகள் வந்து இருக்கப்போறது இந்த வீட்டிலதான். அத்திவாரம் தோண்ட வேண்டி வந்தா எல்லாரும் சாமான் சட்டியோட மாசக்கணக்கா வெளியில போகோணும். அக்காவுக்கு அதுதான் நெஞ்சிடி.

"எப்ப வெடிச்சது அண்ணை?" எண்டு அவவின்ர மனிசன் நேசன் அண்ணையைக் கேட்டன். அவர் ஒரு அவசரமும் இல்லாமச் சொன்னார்: "வெடிப்பு பழசுதான் தம்பி. கலண்டரைத்தான் வருசா வருசம் மாத்திறனாங்கள்."

சுருங்கிறதும் உப்பிறதும்

பின்வளவுப் பக்கம், வீட்டு மூலையில சுவரோரமா குழி வெட்டினன். மேல கறுத்த மண், அதுக்குக் கீழ சவுக்காரக் கட்டி மாதிரிக் களி, அதுக்குள்ள தலைமயிர் மாதிரி வேர். எஞ்சினியர் கோயம்புத்தூர்ப் பெடியன், குரல் அப்பிடியே பாலும் தேனும். "இந்தக் களிமண்ணு இருக்கு பாருங்க, வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும். பின்னாடி நிக்கிற வில்லோ மரம் கோடை முழுக்கத் தண்ணிய உறிஞ்சிடுது. மண்ணு சுருங்குது, கூடவே வீடும் எறங்குது." மரத்தை வெட்டுங்க, வர்ற குளிர்காலம் வரைக்கும் பாப்போம், வெடிப்பு மூடிக்கிட்டா அத்திவாரத்தைத் தொட வேண்டாம் எண்டார். குழியைத் திரும்பப் பாக்கோணுமாம். பலகையால மூடச் சொன்னார்.

நான் அவரை மாதிரியே ராகம் போட்டு அக்காவுக்குத் திருப்பிச் சொன்னன். அக்கா நேசன் அண்ணையை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தா. "வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு ஊதிறதோ? இவரைத்தானே தம்பி சொல்லுறார்?"

சந்தனப் பொட்டு

வெடிப்புக்கு மேல சின்னதா ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் ஒட்டினன். வெடிப்பு விரியுதோ மூடுதோ எண்டு அது காட்டும். ரெண்டு கிழமையால அளக்கப் போனா ஒரு இலக்கமும் தெரியேல்ல! சந்தனம், குங்குமம், மேல ஒரு செவ்வந்திப் பூ.

"அக்கா, இது என்ன கூத்து?" எண்டன்.

"வீடு நிக்குமோ விழுமோ எண்டு சொல்லுறது அதுதானே? அதைவிடப் பெரிய சாமி இப்ப இந்த வீட்டில ஆர் இருக்கு?"

குழிக்குள்ள பால்

மரம் வெட்டின கிழமையே கலியாணம். மாப்பிள்ளை வீட்டில ஈசான மூலையில கலியாணத்துக்கு முதல் கன்னிக்கால் நடோணும் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். முள்முருக்கங் கொப்பை நட்டு, நவதானியம் போட்டு, பாலும் தண்ணியும் ஊத்திறது. வெம்பிளியில முள்முருக்குக்கு எங்க போறது?

மூண்டு கிழமையால எஞ்சினியரோட போறன், பலகையைக் காணேல்ல. என்ர குழிக்குள்ள மஞ்சள் துணி கட்டின தடி ஒண்டு நிக்குது, சுத்திவரப் பயறு முளைச்சிருக்கு. தடியிலயும் பச்சைப் பசேலெண்டு துளிர்! "நீர் வெட்டினது சரியா ஈசான மூலை தம்பி. குழியும் ரெடி, வெட்டின மரத்தில கொப்பும் கிடந்தது" எண்டு அக்காவுக்கு ஒரே புழுகம், முகமெல்லாம் சிரிப்பு. வில்லோத் தடி ஈரமண்ணில குத்தினாலே வேர் விடுற சாதி. எஞ்சினியரின்ர பாலும் தேனும் அண்டைக்குத் திரைஞ்சு போச்சு. "வீட்டக் கவுக்குற மரத்த வெட்டிட்டு, அதையே அத்திவாரத்துப் பக்கத்துல நட்டுப் பால் ஊத்தி வளக்குறீங்களேம்மா!"

புது மருமகள்

அக்கா பிடுங்க விடமாட்டன் எண்டு குழிக்குக் குறுக்க நிண்டா. துளிர்விட்ட கன்னிக்கால் பிள்ளையளின்ர வாழ்க்கையாம். "விட்டா வீடு போயிடும்மா" எண்டார் எஞ்சினியர். அக்காவின்ர கண் கலங்கிப் போச்சு.

அப்ப மருமகள் பிள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து என்ர மண்வெட்டியை வாங்கினா. "மாமி, இது நாங்க நல்லா இருக்கத்தானே? இருக்கிறதுக்கு முதல்ல ஹவுஸ் வேணும். சட்டன் பக்கம் இருக்கிற எங்கட அம்மா வீட்டு கார்டன் நல்ல நீளம், அங்க கொண்டு போய் நடுறன்." அக்கா மூக்கைச் சிந்தினா, யோசிச்சா, பிறகு சொன்னா: "கொண்டு போ பிள்ளை. சம்பந்தி வீட்டுச் சுவருக்குக் கிட்ட மட்டும் நட்டிடாதை... சரி, கொஞ்சம் கிட்ட எண்டாலும் பரவாயில்லை."

குளிர் வந்து மண் உப்பினாப் பிறகு போய் அளந்தன். வெடிப்பு உண்மையாவே நூல் மாதிரி மெலிஞ்சு போச்சு, ஒருத்தரும் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை எண்டார் எஞ்சினியர். லண்டன் மண்ணின்ர குணம் எனக்கு ஒரு குழியோட விளங்கிடும், அதுக்கு மேல குடியிருக்கிற ஆக்களின்ர குணத்துக்கு இன்னும் எவ்வளவு ஆழம் வெட்டோணுமோ தெரியேல்ல.