மருந்தில் சேராத மாத்திரை

தன் சிவப்பணுக்களையே அழிக்கும் எதிர்ப்பொருள் ஒருவருக்கு ஏன் உருவாகிறது? இருபது வருடங்களுக்கு மேலாக மாத்தளையில் இரத்தம் பரிசோதிக்கிறேன். எனக்குத் தெரியாது.

இன்று இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவரின் இரத்தத்தில் அது இருந்தது. சில மாத்திரைகளாலும் அது வரும். மாத்திரையால் வந்ததா, தானாக வந்ததா என்று எங்கள் பரிசோதனை சொல்லாது. தெரியாமல் அந்த மாத்திரையைத் தொடர்ந்தால், ஏற்றுகிற இரத்தமும் அழியும்.

வார்டுக்கே போய் அவருடைய கணவரிடம் கேட்டேன்.

“மருந்து ஏதும் குடிக்கிறாங்களா?”

“ஒன்னும் இல்லீங்க மிஸ். டிஸ்பென்சரி பக்கமே போனதில்ல.”

மூன்று முறை கேட்டேன்.

“பொலிஸ்ல கூட இத்தனை தடவ கேக்கலீங்க மிஸ்!”

வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ‘இல்லை’ என்ற பதிலை நம்பாத வியாதி உங்களில் வேறு யாருக்கும் உண்டா?

இந்தப் பதிவில் மறுநாள் சேர்த்தது: வழியில் பொலிஸ் செக்பாயிண்டில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு கணவர் வந்து சேர்ந்தார். கிளினிக் உறையொன்றில் பிரஷர் மாத்திரை. இந்த எதிர்ப்பொருளுக்குப் பெயர்போனது. தலைச்சுற்றுக்காக மனைவி மாதக்கணக்கில் குடித்திருக்கிறார்.

“நேத்து இல்லைன்னீங்களே?”

“இது மருந்து இல்லீங்க மிஸ். பக்கத்து காம்பராவுல குடியிருக்கிற அக்கா குடுத்தது.”

டாக்டர் அதை உடனே நிறுத்தினார்.